நான் வளர்ந்தால் கள்ளனும் ஏன் வளர வேண்டும்? திறந்த உலக கேம்கள் பற்றிய கேள்வி பதில்

திருகோணமலையில் கேம் விளையாடுகிற நம் ஆட்களிடம், திறந்த உலக ஆர்பிஜி கேம்களில் (பெரிய உலகமொன்றில் விரும்பிய பக்கம் திரிந்து, ஒரு பாத்திரத்தை வளர்த்து விளையாடுகிறவை) உங்களுக்கு எரிச்சலூட்டுவது எதுவானாலும் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்றிருந்தேன். எல்டர் ஸ்க்ரோல்ஸ் வரிசையின் ஒப்லிவியன் கேம் வந்த 2006 இலிருந்து இந்த வகையைத்தான் விளையாடுகிறேன். வந்த கேள்விகளில் பாதிக்குமேல் ஒன்றேதான், அதனால் அதையே முதலில் எடுக்கிறேன்.

உவர்மலையிலிருந்து ஒரு தம்பி: ஒப்லிவியனைப் புதுப்பித்து வெளியிட்ட ஒப்லிவியன் ரீமாஸ்டர்ட் விளையாடுகிறேன் அண்ணா. லெவல் 20 தாண்டியும் பலம் கூடின மாதிரியே இல்லை. ரோட்டில் மறிக்கிற கள்ளன்கூட லேசில் சாகிறானில்லை. நான் ஏதும் பிழையாகச் செய்கிறேனா?

பிழை உங்களில் இல்லை தம்பி. அந்த கேமைக் கட்டிய விதமே அப்படி. நீங்கள் லெவல் ஏற ஏற உலகத்தில் இருக்கிற எல்லாமும் உங்களோடு சேர்ந்து ஏறும். லெவல் ஸ்கேலிங் என்பது இதைத்தான். ஆரம்பத்தில் எலியும் ஓநாயும் வந்த இடத்தில் பிறகு கரடியும் மாட்டுத்தலை மினோட்டாரும் வரும், தோல் கவசத்தோடு நின்ற கள்ளன் கண்ணாடிக் கவசத்தோடு நிற்பான்.

முதன்முதல் இது எனக்கு விளங்கிய இரவு இன்னும் நினைவிருக்கிறது. காட்டுப்பாதையில் மழைக்குள் போய்க்கொண்டிருக்கிறேன், பூனை முகத்தோடு ஒரு வழிப்பறிக்காரன் குறுக்கே வந்து நூறு பொன் கேட்கிறான். உடம்பு முழுக்கப் பச்சையாக மின்னுகிற கண்ணாடிக் கவசம். அதில் ஒரு துண்டைக் கழற்றி விற்றாலே நூறைப்போலப் பல மடங்கு கிடைக்கும். அப்படிப்பட்டவன் ஏன் மழைக்குள் நின்று என்னிடம் நூறு கேட்கிறான்? அந்தக் கணத்தில் எனக்கு அந்த உலகம் உடைந்துபோனது. அதுவரை அது ஒரு நாடு. அதற்குப் பிறகு, என் லெவலைப் பார்த்துப் பார்த்து யாரோ சாமான் மாற்றி வைக்கிற மேடை.

பழைய ஒப்லிவியனில் இதைவிட மோசமான ஒன்றும் இருந்தது. வாள்வீச்சு, மந்திரம் போன்ற திறமைகளில் ஏழை முக்கியமானவையாக, அதாவது மேஜர் ஸ்கில்லாகத் தெரிவு செய்வீர்கள், அவற்றில் மொத்தம் பத்து ஏறினால் ஒரு லெவல், படுத்து எழும்பினால்தான் அது கணக்கில் சேரும். லெவல் ஏறும்போது பலம், வேகம் போன்ற ஒரு குணத்துக்கு ஐந்து புள்ளி வேண்டுமென்றால் அதற்குரிய ஸ்கில்கள் அந்த லெவலுக்குள் பத்துத் தடவை ஏறியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு மூன்றோடு சரி. நான் சிஆர் கொப்பியில் கோடு போட்டு எண்ணி எண்ணி விளையாடினேன். கணக்குப் பார்க்காமல் மனம்போனபடி விளையாடுகிறவன் லெவல் ஏற ஏற எதிரியைவிடப் பலவீனமாகிப் போவான். அடிக்கடி பாவிக்காத ஸ்கில்களை மேஜராக எடுத்தவன் ராசா மாதிரித் திரிவான். இயல்பாக விளையாடுகிறவனைத் தண்டிக்கிற கேமை நல்ல வடிவமைப்பு என்று என்னால் சொல்ல ஏலாது, அந்த கேமில் எவ்வளவு பிரியம் இருந்தாலும்.

2025 ஏப்ரலில் வந்த ரீமாஸ்டரில் கொப்பிக் கணக்கை ஒழித்துவிட்டார்கள். லெவலுக்குப் பன்னிரண்டு புள்ளி, விரும்பியதில் போடலாம், மேஜர் அல்லாத மைனர் ஸ்கில் ஏறினாலும் லெவலுக்குச் சேரும். ஆனால் ஸ்கேலிங்கில் கை வைக்கவில்லை. ஆகவே உங்களுக்குச் சொல்லக்கூடியது: பூட்டுத் திறப்பது, பேசி மடக்குவது என்று சண்டைக்கு உதவாததில் லெவலை ஏற்றிவிட்டு வாளும் மந்திரமும் பின்தங்க விடாதீர்கள். அடுத்த தடவை விளையாடும்போது க்வாட்ச் நகரத்தில் அரக்கர் உலகத்துக்குத் திறக்கிற வாசலைக் குறைந்த லெவலிலேயே முடித்துவிடுங்கள். 20 இல் போனால் அங்கே வருகிறவை வேறு. அப்புறம், சேவ், அதாவது விளையாடிய அளவைப் பதிந்து வைப்பது. ஒரே சேவின்மேல் திரும்பத் திரும்ப எழுதாதீர்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

நிலாவெளியிலிருந்து: என் லப்டொப்பில் ரீமாஸ்டர் ஓடுமா? என்ன கிராபிக்ஸ் கார்ட் வாங்கலாம்?

அது என் துறை இல்லை. சாமானோடு பழகுகிற ரிப்பேர் கடைக்காரரிடம் லப்டொப்பைக் கொண்டுபோய்க் காட்டிக் கேளுங்கள். ரீமாஸ்டர் அன்ரியல் எஞ்சின் 5 இல் ஓடுகிறது, பாரம் அதிகம். பழைய ஒப்லிவியன் பழைய மெஷினிலும் ஓடும். அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும்.

லிங்கநகரிலிருந்து: எல்டர் ஸ்க்ரோல்ஸ் 6 எப்போது?

2018 ஜூனில் அறிவித்தார்கள். திகதி சொல்லவில்லை.

கிண்ணியாவிலிருந்து ஒரு நானா: ஸ்கேலிங்கை எல்லாரும் திட்டுகிறார்கள். அது இல்லாவிட்டால் திறந்த உலகம் எங்கே? வடக்கே போனால் செத்துப்போவேன், கிழக்கே போனால் செத்துப்போவேன் என்றால் கடைசியில் ஒரே ஒரு பாதைதானே மிச்சம்?

நல்ல கேள்வி நானா. ஸ்கேலிங் வைத்தவர்கள் யோசித்ததும் இதைத்தான். ஆள் எந்தப் பக்கம் போனாலும் விளையாடக்கூடியதாக இருக்க வேண்டும் என்ற நோக்கத்தில் குறை இல்லை. ஆனால் எங்கே போனாலும் ஒரே அளவுதான் என்றால் எங்கே போனேன் என்பதற்கு என்ன பெறுமதி? நம்முடைய கடலையே பாருங்கள். சித்திரையில் நிலாவெளியில் சின்னப் பிள்ளையும் இறங்கிக் குளிக்கும். வாடை பெயர்ந்துவிட்டால் அதே கடலில் பழுத்த சம்மாட்டியும் தோணியைக் கரையில் ஏற்றிவிடுவார். கடல் ஆள் பார்த்து அலையைக் கூட்டிக் குறைப்பதில்லை. அதனால்தான் அதைப் படித்தவருக்கு மரியாதை.

எல்டன் ரிங்கை எடுங்கள், அதுவும் திறந்த உலக கேம்தான். முதல் குகையால் வெளியே வந்ததும் பொன் கவசம் போட்ட குதிரைக்காரன் ஒருவன் திரிகிறான். அடித்தால் இரண்டு வீச்சில் நீங்கள் காலி. அவன் உங்களுக்காகக் குறையமாட்டான். ஆனால் பாதை அடைபடவில்லையே. சுற்றிப் போகலாம், ஒளிந்து போகலாம், குதிரை கிடைத்தபிறகு திரும்பி வரலாம். நான் வேறு திசையில் போய் ஒரு பத்து மணித்தியாலம் கழித்துத் திரும்பி வந்து அவனை விழுத்தினேன். கை நடுங்கியது. நான் வளர்ந்திருக்கிறேன் என்று எனக்குச் சொன்னது லெவல் இலக்கம் அல்ல, நின்ற இடத்திலேயே நின்ற அந்த மனிசன்தான்.

ஒப்லிவியனுக்கு அடுத்து அதே வரிசையில் வந்த ஸ்கைரிம் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அங்கே ஒவ்வொரு குகைக்கும் பகுதிக்கும் ஒரு கீழெல்லை, ஒரு மேலெல்லை வைத்திருக்கிறார்கள். நீங்கள் முதன்முதல் நுழையும்போது என்ன லெவலோ, அதை அந்த எல்லைகளுக்குள் வைத்துப் பூட்டிவிடும். ஒப்லிவியனைவிட எவ்வளவோ மேல். அப்படியிருந்தும், ஸ்கைரிம் விளையாடிய யாரிடமாவது ஆரம்பத்தில் மறக்கமுடியாதது எது என்று கேளுங்கள். வைட்ரன் நகரத்துக்கு வெளியே மமத் யானைகளோடு நிற்கிற ராட்சதனைத்தான் சொல்வார்கள். பேசாமல் மேய்த்துக்கொண்டு நிற்கிறான், நாமும் கிட்டப் போகிறோம், கதாயுதத்தால் ஒரே ஒரு அடி, நம் உடம்பு வானத்தில் பறக்கிறது. அவன் லெவல் எப்போதும் 32 தான். உங்களைப் பார்த்து மாறுவதில்லை. அதனால்தான் அவன் நினைவில் நிற்கிறான்.

சாம்பல்தீவிலிருந்து ஒரு தங்கச்சி: ஸ்கைரிமில் என் சேவ் திறக்குதில்லை. லோட் பண்ணினால் வெளியே தள்ளிவிடுகிறது. 40 மணித்தியாலம் விளையாடியது.

முந்தைய சேவ் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். கேம் தானாகப் போடுகிற ஓட்டோ சேவ் மூன்று இருக்கும், அதில் பழையதை முதலில் திறந்து பாருங்கள். நடுவில் ஏதாவது மொட் (ஆட்கள் தாங்களே செய்து கேமில் சேர்க்கிற மாற்றம்) கழற்றினீர்களா? ஸ்கிரிப்ட் (உள்ளே ஓடுகிற நிரல்) உள்ள மொட் ஒன்றை ஆட்டம் நடக்கும்போது கழற்றினால் சேவுக்குள் அதன் எச்சம் கிடந்து கெடுக்கும். திரும்பப் போட்டால் சிலவேளை திறக்கும்.

மற்ற எல்லாருக்கும்: 2022 இல் மணிக்கணக்காகக் கரண்ட் நின்ற காலத்தில், ஓட்டோ சேவ் எழுதிக்கொண்டிருந்த அதே வினாடியில் என் மெஷின் அணைந்தது. நான் குயிக் சேவ் ஒன்றையும் ஓட்டோ சேவையும் மட்டும் நம்பியிருந்தேன். இரண்டும் போனது. 60 மணித்தியாலத்துக்கு மேல். அன்றிலிருந்து மணித்தியாலத்துக்கு ஒரு தடவை புதுச் சேவ், கையால். வாரத்துக்கு ஒரு தடவை முழு ஃபோல்டரையும் பென் டிரைவில் போடுகிறேன். தயவுசெய்து நீங்களும் செய்யுங்கள்.

அலஸ் தோட்டத்திலிருந்து: ஒப்லிவியனில் எதிரிகள் ஏன் சாகிறார்களில்லை?

முதலாவது பதில்.

பாலையூற்றிலிருந்து: மொரோவிண்ட் தொடங்கினேன். வாள் அவன் உடம்பில் படுவது கண்ணால் தெரிகிறது, ஆனால் அடி விழவில்லை. இது என்ன கேம்?

அது ஒப்லிவியனுக்கு முந்தையது, 2002 இல் வந்தது தம்பி, அங்கே அடி படுவது பகடை உருட்டுகிற மாதிரி. உங்கள் ஸ்கில், சுறுசுறுப்பு, களைப்பு எல்லாம் சேர்ந்துதான் முடிவு. ஆட்கள் விடுகிற பிழை இரண்டு. கையில் அகப்பட்ட கத்தியைத் தூக்கிக்கொண்டு போவது, அந்த வகை ஆயுதத்தில் ஸ்கில் ஐந்தோ பத்தோதான் இருக்கும். மற்றது, ஓடி ஓடிப் போய்ச் சண்டை பிடிப்பது. களைப்பைக் காட்டுகிற பச்சைக் கோடு வெறுமையாக இருந்தால் யாருக்கும் கை விளங்காது. நடந்து போங்கள், மேஜர் ஸ்கில் உள்ள ஆயுதத்தை எடுங்கள், ஒரு மணித்தியாலத்தில் சரியாகிவிடும்.

உப்புவெளியிலிருந்து ஒரு அக்கா: மொரோவிண்டில் இடம் காட்டுகிற அம்புக்குறி இல்லை, ஆட்கள் சொல்கிற வழியைக் கேட்டுத்தான் போக வேண்டும், அதுதான் நல்லது என்று நீங்கள் எப்போதும் சொல்கிறீர்கள். நான் வேலை முடிந்து பிள்ளைகள் படுத்தபிறகு ஒரு மணித்தியாலம் விளையாடுகிறேன். அந்த நேரத்தில் மலையில் வழி தேடிக்கொண்டு திரிய எனக்கு விருப்பமில்லை.

இதற்குப் பதில் எழுத முதலே மூதூரிலிருந்து ஒருவர் "அம்புக்குறி சோம்பேறிகளுக்கு" என்று எழுதியிருக்கிறார். அதை நான் ஏற்கவில்லை. நாள் முழுக்க வேலை செய்துவிட்டு ஒரு மணித்தியாலம் உட்காருகிறவரைச் சோம்பேறி என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. அம்புக்குறி இருக்கட்டும் அக்கா, உங்களுக்கு அது தேவை.

என் கோபம் வேறு இடத்தில். அம்புக்குறி வந்தபிறகு வழி சொல்வதையே நிறுத்திவிட்டார்கள். கோணேசர் கோவிலுக்கு எப்படிப் போவது என்று வெளியூர் ஆள் கேட்டால் நாம் என்ன சொல்வோம்? கோட்டை வாசலால் உள்ளே போங்கோ, மான் படுத்திருக்கிற மரத்தடியைத் தாண்டுங்கோ, ஏறிக்கொண்டே போங்கோ, கடல் தெரிகிற இடத்தில் கோவில். போகிறவர் மானைப் பார்ப்பார், மரத்தைப் பார்ப்பார், சரியாக வந்திருக்கிறேன் என்று சந்தோசப்படுவார். மொரோவிண்டில் ஆட்கள் இப்படித்தான் பேசுவார்கள், பாலத்தைக் கட, இரண்டாவது கிளையில் திரும்பு என்று. ஒப்லிவியனில் எல்லாப் பேச்சுக்கும் குரல் கொடுத்தார்கள், நீளமாக வழி சொல்ல இடமில்லாமல் போனது என்பது என் எண்ணம். ஸ்கைரிமில் பல குவெஸ்ட்களில், அதாவது நமக்குக் கொடுக்கிற வேலைகளில், குறிப்பைத் திறந்தால் இன்ன சாமானை எடுத்து வா என்று ஒரு வரி இருக்கும், எங்கே என்று இருக்காது. அம்புக்குறியை அணைத்துவிட்டு விளையாட நினைத்தாலும் விளையாட ஏலாது. உங்களுக்கும் எனக்கும் ஒரே கேமில் இடம் இருந்திருக்கும், அந்த நாலு வரியை எழுதியிருந்தால்.

கிண்ணியா நானா மறுபடியும்: மொரோவிண்டில் சொன்ன வழியே சில இடங்களில் பிழை. நான் ஒரு கல்லறையைத் தேடி இரண்டு நாள் அலைந்தேன்.

உண்மை. திசையே மாறிச் சொல்கிற இடங்கள் இருக்கின்றன. அதற்குச் சமாதானம் சொல்லமாட்டேன், வழி சொன்னால் சரியாகச் சொல்ல வேண்டும்.

மூதூர்க்காரர்: அப்படியென்றால் எல்டன் ரிங்? அதில் குவெஸ்ட் குறிப்பே இல்லை, எல்லாரும் கொண்டாடுகிறார்களே.

கொண்டாடுகிறவன் நானும்தான், ஆனால் அந்த விசயத்தில் அல்ல. ஒரு பாத்திரம் இரண்டு வரி பேசிவிட்டு எங்கேயோ போய்விடும், எங்கே என்று ஒருவரும் சொல்லார். 2022 பெப்ரவரியில் வெளியிட்டு, அடுத்த மாதமே சந்தித்த ஆட்களை மேப்பில் காட்டுகிற குறியைச் சேர்த்தார்கள். முதலில் செய்தது கூடிப்போனது என்று அவர்களுக்கே பட்டிருக்க வேண்டும். இந்த வாக்குவாதத்தை இதோடு நிறுத்துவோம், மற்றவர்களும் காத்திருக்கிறார்கள்.

திருக்கடலூரிலிருந்து: விட்சர் 3 கேமில் ஸ்கெல்லிகத் தீவுகளைச் சுற்றிய கடல் முழுக்க மேப்பில் கேள்விக்குறி. எல்லாவற்றையும் எடுக்க வேண்டுமா?

வேண்டாம். பெரும்பாலும் கடத்தல்காரர் மறைத்த பெட்டிகள், சுற்றிப் பறக்கிற பிசாசுகள், அதே சாமான். மேப்பில் அந்தக் குறிகளை மறைத்துவிட்டுத் தீவுகளுக்குள் போங்கள், கதை அங்கேதான் இருக்கிறது.

அன்புவழிபுரத்திலிருந்து: லெவல் ஏறியும் பலம் கூடவில்லை...

முதலாவது பதிலைப் படியுங்கள். இது ஐந்தாவது தடவை. தயவுசெய்து மேலே பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

சீனக்குடாவிலிருந்து: ஸ்கைரிமுக்கு 200 மொட் ஒன்றாகப் போடலாமா?

ஒன்றாகப் போடாதீர்கள். ஐந்து போடுங்கள், விளையாடிப் பாருங்கள், பிறகு ஐந்து. ஆட்டம் தொடங்கியபிறகு கழற்றாதீர்கள். புதுச் சேவ், கையால்.

உவர்மலையிலிருந்து ஒரு அக்கா: என் தம்பி கம்பஸ் லீவில் வந்து நிற்கிறான். கார் ஓட்டுகிற கேம் தவிர வேறொன்றும் விளையாடியதில்லை. இந்த வகையில் எதைக் கொடுக்கலாம்?

ஸ்கைரிம். வந்தது 2011 இல், இன்றைக்கும் புது ஆளுக்கு அதைவிட லேசான வாசல் இல்லை. கதையை அவசரப்பட்டு முடிக்காமல், கண்ணில் படுகிற மலைக்கு ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள். சேவ் எப்படிப் போடுவது என்று பக்கத்தில் இருந்து காட்டிவிடுங்கள். ராட்சதனைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லாதீர்கள், அவன் தானாகக் கிட்டப் போகட்டும்.