செகண்ட் ஹேண்ட்ல ஒரு சின்ன கார் வாங்கியிருக்கேன். அலாய் வீல், எல்இடி லைட், மியூசிக் சிஸ்டம், இதுல எதை முதல்ல மாத்தலாம்?

மூணும் வேண்டாம்னு சொல்லத்தான் வந்தேன், கோச்சுக்காதீங்க. இதே கேள்வியோடதான் நானும் ஆரம்பிச்சேன். 800 சிசி, மூணு சிலிண்டர், 12 இன்ச் வீல், நான் மூணாவது ஓனர், 11 வருஷமா அதே வண்டிதான். முதல் ரெண்டு வருஷத்துல அதுக்கு நான் பண்ண செலவுல பாதி தண்டம்.

வாங்கின புதுசுல லைட் மங்கலா இருந்துச்சு, ஸ்டியரிங் கிறுகிறுன்னு அதிர்ந்துச்சு, பிரேக் மிதிச்சா பஞ்சு மாதிரி அமுங்குச்சு, ஸ்பீட் பிரேக்கர்ல டொக் டொக்னுச்சு, நானும் சின்ன கார்னா இவ்வளவுதான் போலன்னு நினைச்சுக்கிட்டேன். அங்கதான் தப்பு பண்ணேன். கம்பெனியை விட்டு வரும்போது அது அப்படி வரல. பத்து வருஷமா அங்கங்க கொஞ்சம் கொஞ்சமா தேய்ஞ்சு, நடுவுல யாரோ ஒருத்தர் அவசரத்துக்கு எதையோ கட்டி எதையோ கழட்டி, அப்படி ஆகிப்போன வண்டியைத்தான் நாம வாங்குறோம். அதைப் பழைய நிலைக்குக் கொண்டு வந்தாலே வேற கார் வாங்கின மாதிரி இருக்கும். நான் பண்ணதுலயே பெரிய அப்கிரேட் அதுதான்.

கழட்டி விட்ட கதை ஒண்ணு சொல்றேன். டிராஃபிக்ல நின்னா டெம்பரேச்சர் முள் மேல ஏறும், ரோட்ல ஓட ஆரம்பிச்சா இறங்கிடும். மெக்கானிக்கிட்ட காட்டினேன். அரை மணி நேரத்துல வேலை முடிஞ்சுது, "தம்பி, தெர்மோஸ்டாட்டைக் கழட்டிட்டேன், இனிமே சூடே ஏறாது"ன்னாரு. "அண்ணே, அது இல்லாம ஓட்டலாமா?"ன்னு கேட்டா, "எத்தனை வண்டிக்குக் கழட்டியிருக்கேன், போ தம்பி". நிஜமாவே முள் கால்வாசியைத் தாண்டல, எனக்கு ஒரே சந்தோஷம். அடுத்த மாசம் பெட்ரோல் கணக்கு போட்டுப் பாத்தா லிட்டருக்கு 19 கொடுத்த வண்டி 15 கொடுக்குது. காலையில ஸ்டார்ட் பண்ணா ரொம்ப நேரம் இழுவையே இல்லாம முக்கிக்கிட்டுப் போகுது.

காரணம் ரொம்ப சிம்பிள். தெர்மோஸ்டாட்டுக்குள்ள ஒரு மெழுகு இருக்கு, என் வண்டியில அது 82 டிகிரி வாக்குல உருகி விரிஞ்சு வால்வைத் தள்ளித் திறக்கும், அதுவரைக்கும் தண்ணியை ரேடியேட்டர் பக்கம் விடாது, அதனால எஞ்சின் சீக்கிரம் சூடாகி அந்த சூட்டுலயே நிக்கும். அதைப் புடுங்கிட்டா எஞ்சின் எப்பவும் பாதி குளிர்ல ஓடும், சென்சார் "இன்னும் சூடாகல"ன்னு சொல்லிக்கிட்டே இருக்கும், கம்ப்யூட்டரும் அதை நம்பி பெட்ரோலைக் கூடுதலா ஊத்திக்கிட்டே இருக்கும். சரி, அதாவது போகட்டும், சூடாவாவது ஏறாம இருந்துச்சான்னா அதுவும் இல்ல, ஒரு நாள் நல்ல டிராஃபிக்ல மாட்டினப்போ மறுபடி ஏறிடுச்சு. வேற ஒரு ஒர்க்‌ஷாப்ல காட்டினா ரேடியேட்டரையே மாத்தணும்னாங்க.

இங்க ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க. நிக்கும்போது சூடேறி ஓடும்போது இறங்கினா முதல்ல ஃபேனைப் பாருங்க. ஓடும்போதே ஏறுதுன்னா தண்ணி அளவு, ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப், ஹெட் கேஸ்கெட்னு அந்தப் பக்கம் போகணும். என் வண்டியில ஃபேனை ஆன் பண்றது ரேடியேட்டர்கிட்ட இருக்கிற கட்டைவிரல் சைஸ் சுவிட்ச். அதோட கனெக்டரைக் கழட்டி, இக்னிஷனை ஆன்ல வச்சு, அந்த ரெண்டு ஓட்டையையும் ஒரு துண்டு வயரால இணைச்சேன். ஃபேன் ஜம்முனு சுத்துச்சு! அப்போ மோட்டார் நல்லா இருக்கு, ரிலே (சின்ன கரண்டை வச்சுப் பெரிய கரண்டை ஆன் பண்ற சுவிட்ச்) நல்லா இருக்கு, செத்தது அந்தக் குட்டி சுவிட்ச்தான். அதையும் புது தெர்மோஸ்டாட்டையும் போட்டேன், ரேடியேட்டர் இன்னைக்கு வரைக்கும் அதேதான். (புது வண்டிகள்ல ஃபேனைக் கம்ப்யூட்டர் நேரா ஓட்டும், அதுல இப்படி வயரைச் சொருகிப் பாக்காதீங்க. கை படுற தூரத்துல ஃபேன் சுத்தும், சட்டை நுனி ஜாக்கிரதை. சூடா இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.)

புது தெர்மோஸ்டாட்டைப் போடறதுக்கு முன்னாடி வீட்லயே டெஸ்ட் பண்ணலாம். வால்வு இடுக்குல ஒரு நூலைக் கவ்வ விட்டு, அந்த நூலைப் பிடிச்சே தண்ணிப் பாத்திரத்துக்குள்ள தொங்க விட்டு, அடுப்பை மெதுவா ஏத்துங்க. வால்வு வாயைத் திறக்கிற நேரம் நூலை விட்டுட்டு டொப்புனு கீழ விழும், அப்போ தெர்மாமீட்டரைப் பாத்தா எத்தனை டிகிரியில திறக்குதுன்னு தெரிஞ்சிடும். நான் ரெண்டு தடவை பண்ணிப் பாத்தேன். ரெண்டாவது தடவை தேவையே இல்ல, பாக்க ஜாலியா இருந்துச்சு, அவ்வளவுதான்.

இப்போ எல்இடி. உங்க லைட் மங்கலா இருக்குன்னா பல்பைக் குறை சொல்றதுக்கு முன்னாடி ஒரு மல்டிமீட்டரை எடுங்க. எஞ்சின் ஓடட்டும், லைட் எரியட்டும், பேட்டரியில எத்தனை வோல்ட், பல்பு கனெக்டர்ல எத்தனை வோல்ட்னு பாருங்க. என்னோடதுல பேட்டரியில 14.0, பல்புல 12.3. மிச்சம் 1.7 வோல்ட் வழியிலயே காலி, ஏன்னா மொத்த கரண்டும் மெல்லிசான வயர் வழியா டேஷ்போர்டுக்குள்ள போய் ஸ்டியரிங் பக்க சுவிட்ச்ல நுழைஞ்சு திரும்பி முன்னாடி வருது, அந்த சுவிட்ச் உள்ளுக்குள்ள கருகிப்போய் கிடக்கு. ஃபிலமென்ட் பல்புல வோல்டேஜ் 10 சதவீதம் குறைஞ்சா வெளிச்சம் கிட்டத்தட்ட 30 சதவீதம் போயிடும்.

அதனால ரிலே போட்டேன். டிம்முக்கு ஒண்ணு, பிரைட்டுக்கு ஒண்ணு. ரிலே காலுங்கள்ல நம்பர் அடிச்சிருக்கும், 30ல பேட்டரியில இருந்து நேரா ஒரு 2.5 ஸ்கொயர் எம்எம் வயர், பேட்டரி பக்கத்துலயே 15 ஆம்ப் ஃபியூஸ், 87ல இருந்து பல்புக்கு, 86ல பழைய பல்பு கனெக்டர்ல வர்ற வயர், 85 எர்த். இனிமே பழைய சுவிட்ச் ரிலேயைத் தட்டி எழுப்பினா போதும், கரண்டை அது சுமக்க வேண்டாம். முடிச்சதும் அளந்தா பல்புல 13.7. அதே 60/55 வாட் எச்4 பல்பு, அதே கண்ணாடி, ஆனா ரோடு தெரியுது! ஒரே எச்சரிக்கை, சில வண்டிகள்ல சுவிட்ச் பாசிட்டிவை வெட்டாது, எர்த் பக்கத்தை வெட்டும், அதுக்கு வயரிங் வேற மாதிரி, டெஸ்ட் லாம்ப் வச்சுப் பாத்துட்டு கை வைங்க. எல்இடி பல்பை அந்த ரிஃப்ளெக்டர்லயே சொருகினா என்ன ஆகும்னா, அந்தக் கிண்ணம் ஃபிலமென்ட் இருக்கிற இடத்துக்குன்னு வளைச்சது, ஒளி வர்ற இடம் கொஞ்சம் தள்ளினாலும் எதிர்ல வர்றவன் கண்ணைக் கூசும், உங்களுக்கு வண்டி முன்னாடி மட்டும் பளிச்சுன்னு இருந்துட்டு தூரத்துல ஒண்ணும் தெரியாது. 100 வாட் பல்பு போடறவங்களும் இருக்காங்க, ஹோல்டர் உருகி வழிஞ்சதை நானே ஒரு நண்பனோட வண்டியில பாத்திருக்கேன்.

அலாய் வீல் விஷயத்துல நான் அனுபவஸ்தன். 14 இன்ச் போட்டேன், ஸ்டைலா இருந்துச்சு, ஒரு மாசம் ஓட்டினேன், வித்துட்டேன். ஸ்டியரிங்கை ஒடிச்சுத் திருப்பினா டயர் ஃபெண்டர் லைனர்ல உரசும். செகண்ட் கியர்ல ஏறின மேட்டுல ஃபர்ஸ்ட் கேட்குது. 40 குதிரைசக்தி வச்சிருக்கிற எஞ்சினுக்கு பெரிய வீல்ங்கிறது கியரையே ஒரு படி தூக்கி வச்ச மாதிரி. மாத்தியே ஆகணும்னா கணக்கு போடுங்க. 145/80 ஆர்12ன்னா ரிம் 304.8 மில்லி, பக்கச்சுவர் உயரம் டயர் அகலம் 145ல 80 சதவீதம், அதாவது 116 மில்லி, மேலயும் கீழயும் சேர்த்து 232, மொத்தம் ஏறக்குறைய 537. 155/65 ஆர்13 அதே மாதிரி போட்டா 532 வரும், ஒரு சதவீதம்தான் வித்தியாசம், ஸ்பீடோமீட்டர் பெருசா பொய் சொல்லாது. 155/80 ஆர்13 போட்டா 578, மீட்டர் 40 காட்டும்போது நிஜமா 43ல போவீங்க. டயர் எவ்வளவு எடை தாங்கும்னு சொல்ற லோடு நம்பரையும் ஒப்பிட்டுக்கோங்க.

ஆனா வீலை விட முக்கியம் டயர் எப்போ செஞ்சதுங்கிறது. டயர் பக்கவாட்டுல டிஓடி எழுத்து வரிசைக்குக் கடைசியில நாலு நம்பர் இருக்கும், 2319னா 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம். என் வண்டி வந்தப்போ டயர்ல பட்டன் எல்லாம் தேயாம நல்லா இருந்துச்சு, பழைய ஓனர் "டயர் புதுசு மாதிரி"ன்னாரு, நம்பரைப் பாத்தா 9 வயசு, நகத்தால அழுத்தினா கட்டை மாதிரி இருக்கு. மழையில பிரேக் அடிச்சப்போதான் அதோட அர்த்தம் புரிஞ்சுது. அலாய்க்கு வச்சிருக்கிற காசுல நாலு நல்ல டயர் போட்டு வீல் அலைன்மென்ட் பண்ணிடுங்க.

பிரேக் ஆயில் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை. அது காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும், டாட் 4ங்கிற வகை ஆயில் புதுசா இருக்கும்போது கொதிநிலை குறைஞ்சது 230 டிகிரி, தண்ணி குடிச்சுட்டா 155க்கு இறங்கலாம். மலை இறங்கும்போது கொதிச்சு உள்ள ஆவி வந்துடுச்சுன்னா பெடல் தரைக்குப் போயிடும். என் பஞ்சு பிரேக் பாதி சரியானது ஆயில் மாத்தி ஏர் எடுத்ததுல, மீதி பின்னாடி டிரம்ல ஷூவை அட்ஜஸ்ட் பண்ணதுல.

அதிர்வு விஷயம். மூணு சிலிண்டர் எஞ்சின் பிறவியிலேயே ஆட்டம் போடும், ஒரு முனை மேல போனா மறு முனை கீழ போகும், தராசுத் தட்டு மாதிரி. அதை அடக்கி வைக்கிறது எஞ்சின் மவுண்ட் ரப்பர்தான். ரப்பர் உட்கார்ந்துடுச்சுன்னா ஸ்டியரிங், கண்ணாடி, சீட் எல்லாம் நடுங்கும். நான் அது தெரியாம பிளக் மாத்தினேன், காயில் மாத்தினேன், த்ராட்டில் பாடி கிளீன் பண்ணேன், கடைசியில மவுண்ட் ரெண்டு மாத்தினதும் அடங்கிடுச்சு. டொக் டொக் சத்தம் லோயர் ஆர்ம் புஷ், அதாவது வீலைப் பிடிச்சிருக்கிற கீழ்க் கையோட ரப்பர். ஷாக் அப்சார்பர்னு சொல்லி மாத்த வைப்பாங்க, பம்பரை அமுக்கி விட்டுப் பாருங்க, வண்டி ஒரு தடவை எழும்பி அடங்கிட்டா ஷாக் மேல உடனே கை வைக்க வேண்டாம்.

பிஸ்டனும் வால்வும் ஒரே தாளத்துல ஓட வைக்கிறதுக்கு டைமிங் பெல்ட் இருக்கிற எஞ்சினா, செயின் இருக்கிற எஞ்சினான்னு மேனுவல்ல பாத்துடுங்க. பெல்ட்னா, எப்போ மாத்தினாங்கன்னு பழைய ஓனர் பில் காட்டலைன்னா மாத்தலன்னே வச்சுக்கோங்க. பல எஞ்சின்ல பெல்ட் அறுந்தா பிஸ்டன் வால்வை முட்டும், அப்புறம் ஹெட்டையே இறக்கணும். இந்த வேலைக்கு ஏன் மெக்கானிக் முணுமுணுக்கிறாருன்னா, 1959ல வந்த மினி காருக்கு அலெக் இசிகோனிஸ் எஞ்சினைக் குறுக்கால வச்சாரு, ஆளுங்க உட்கார நிறைய இடம் கிடைச்சுது, அதுக்கப்புறம் வந்த சின்ன கார்ல பெரும்பாலும் எஞ்சின் குறுக்காலதான். உட்கார்றவங்களுக்கு சொகுசு, ஆனா பெல்ட் இருக்கிற பக்கம் வீல் ஓரத்துல ஒட்டிக்கிட்டு நிக்கும், முன் வீலைக் கழட்டி, கை முட்டி சிராய்ச்சு, கண்ணால பாக்காம விரலால தடவித்தான் போல்ட்டைப் பிடிக்கணும். நான் ஒரு தடவை முயற்சி பண்ணிட்டு, பாதியில விட்டு, எல்லாத்தையும் பழையபடி மாட்டி, ஒர்க்‌ஷாப்புக்கே ஓட்டிட்டுப் போனேன்.

பிக்கப்புக்குன்னு ஏர் ஃபில்டர் கிட், பெரிய சைலன்சர் இதெல்லாம் சத்தம்தான், வேகம் இல்ல. 650 கிலோ வண்டியில நாலு பேர் ஏறினா 270 கிலோ கூடுது, வண்டி எடையில 40 சதவீதம். டிக்கியில கிடக்கிற பழைய பேட்டரி, தண்ணி கேன், டைல்ஸ் பொட்டி (என் டிக்கியில மூணு வருஷம் கிடந்துச்சு) இறக்கினா அதுவே டியூனிங்.

மியூசிக் சிஸ்டம் உங்க இஷ்டம். முன் டோர் ஸ்பீக்கர் ரெண்டை மட்டும் நான் மாத்தினேன், போதும்னு இருக்கு. ஆம்ப், வூஃபர்னு போனா சின்ன ஆல்டர்னேட்டரும் 35 ஆம்பியர் பேட்டரியும் திணறும்.

எல்லாம் சரியாயிடுச்சான்னு கேட்காதீங்க. மூணாவது கியர்ல, சரியா 42 கிலோமீட்டர் வேகத்துல, டேஷ்போர்டுக்குள்ள எங்கயோ ஒரு பூச்சி கத்துற மாதிரி கிர்ர்னு ஒரு சத்தம் வரும். கிளவ் பாக்ஸைக் கழட்டிப் பாத்தாச்சு, ஏசி வென்ட்டுக்குப் பஞ்சு வச்சாச்சு. நாலு வருஷமா கிடைக்கல. 45ல நின்னுடும், அதனால 45ல போறேன்.