7 மாதக் குட்டி உறுமுவது காவலுக்காக அல்ல

கேள்வி: எங்கள் ராட்வைலர் ஆண் குட்டிக்கு 7 மாதம் ஆகிறது. ஒரு மாதமாக வீட்டுக்கு யார் வந்தாலும் முதுகு முடி சிலிர்க்க உறுமுகிறது. என் மகள் பக்கத்தில் யாராவது வந்தால் குறுக்கே போய் நின்றுகொள்கிறது. 'அருமையான காவல் குணம், இப்போதே வளர்த்துவிட வேண்டும், 2 மாதம் என்னிடம் விடுங்கள்' என்கிறார் ஒரு டிரெயினர். எனக்குப் பெருமையாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. விடலாமா?

பதில்: விடாதீர்கள். முன்பணம் கொடுத்திருந்தால்கூட அது போனால் போகட்டும், குட்டி வீட்டிலேயே இருக்கட்டும்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், உங்கள் குட்டி யாரையும் காக்கவில்லை, பயப்படுகிறது. 7 மாத ராட்வைலர் பார்வைக்கு வளர்ந்த நாய் போலத்தான் இருக்கும். ஆனால் பெரிய இனங்களுக்கு மனம் முதிர ஒன்றரை, இரண்டு வயதாவது ஆகும், சிலவற்றுக்கு 3 வயது. 'இது என் இடம், இவர்கள் என் ஆட்கள்' என்று நிதானமாக நிற்கும் குணம் அந்த முதிர்ச்சியோடுதான் வரும். அதற்கு முன்னால், 6 மாதத்துக்கு மேல், நேற்று வரை பழகிய ஆளையும் பொருளையும் பார்த்தே மிரளும் ஒரு பருவம் உண்டு. இப்போது நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் அதுதான்.

அடுத்த முறை மொபைலில் வீடியோ எடுத்து நிதானமாகப் பாருங்கள். குரைத்துவிட்டு இரண்டடி பின்வாங்குகிறதா? உடல் பாரம் பின்னங்கால்களில் இருக்கிறதா? காது பின்னால் மடிந்து, கண்ணின் வெள்ளை ஓரமாகத் தெரிகிறதா? தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி விடுகிறதா, உதட்டை நக்கிக்கொள்கிறதா? இவையெல்லாம் பயத்தின் அடையாளங்கள். முடி சிலிர்ப்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, குதூகலத்திலும் சிலிர்க்கும். மகளுக்குக் குறுக்கே நிற்பதும் அப்படித்தான். தனக்கு நம்பிக்கையான ஆளோடு ஒட்டிக்கொள்வது நம் கண்ணுக்குக் காவலாகத் தெரிகிறது.

பயம் எப்படிப் பழக்கமாகிறது என்று சொல்கிறேன். கடிதம் கொடுக்க ஒருவர் வருகிறார், குட்டி குரைக்கிறது, அவர் போய்விடுகிறார். வேலை முடிந்துதான் போனார் என்று குட்டிக்குத் தெரியுமா? தான் குரைத்ததால்தான் போனார் என்று எடுத்துக்கொள்கிறது. தினமும் இந்த வெற்றி கிடைத்தால், ஒரு வருடத்தில் குரைப்பு பாய்ச்சலாக மாறும்.

அந்த டிரெயினர் இதைத்தான் வேகப்படுத்தப் போகிறார். காவல் பயிற்சி என்று குட்டிகளிடம் செய்யப்படுவதை நான் பல முறை பார்த்திருக்கிறேன். கையில் தடித்த துணி சுற்றிய ஒருவர் குச்சியோடு வந்து சீண்டுவார். கட்டிப்போட்ட குட்டி பதறிப் பாயும், உடனே அவர் ஓடிவிடுவார். பாய்ந்தால் மனிதர்கள் ஓடுவார்கள் என்பதைத் தவிர அந்தக் குட்டி வேறு எதையும் கற்பதில்லை. இன்னொரு வகையினர் அடக்கித் தருகிறோம் என்பார்கள். முள் காலர், ஷாக் காலர், மல்லாக்கத் தள்ளி அமுக்குவது, எல்லாம் நடக்கும். இரண்டு மாதம் கழித்து குட்டி சிலை மாதிரி உட்கார்ந்திருக்கும் வீடியோ வரும், நீங்களும் மகிழ்ந்துபோவீர்கள். அப்படித் திரும்பி வந்த 14 மாத நாய் ஒன்றை என்னிடம் கொண்டுவந்தார்கள். உறுமலே இல்லை. உறுமினால் அடி என்று கற்றிருந்தது, பயம் மட்டும் அப்படியே இருந்தது. தலையைத் தடவக் குனிந்த உறவினரை எந்த எச்சரிக்கையும் இல்லாமல் கடித்துவிட்டது. உறுமல் என்பது நாய் நமக்குத் தரும் கடைசி அவகாசம். தயவுசெய்து அதை அடித்து அணைக்காதீர்கள்.

'நீங்கள்தான் தலைவர் என்று அதற்குக் காட்டுங்கள்' என்றும் சொல்லியிருப்பாரே? 1940களில் ஒன்றுக்கொன்று அறிமுகமில்லாத ஓநாய்களை ஒரே அடைப்பில் விட்டுப் பார்த்ததிலிருந்து வந்த எண்ணம் அது. அதைப் பரவலாக்கியவர்களில் ஒருவரான டேவிட் மெக் என்ற ஓநாய் ஆய்வாளரே, காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது அப்பா, அம்மா, பிள்ளைகள் கொண்ட குடும்பம்தான் என்று 1999இல் எழுதினார். இன்னும் அந்தப் பழைய கதையைக் காசாக்குகிறார்கள். பெரும்பாலான நாடுகளில் நாய் டிரெயினர் என்று பலகை மாட்ட ஒரு தேர்வோ உரிமமோ தேவையில்லை. முடி வெட்டவே உரிமம் கேட்கும் ஊர்களில்கூட, ஒரு விலங்கின் மனதில் கைவைக்க யாரும் எதுவும் கேட்பதில்லை. இதைப் பேசிப் பேசி எனக்குச் சலித்துவிட்டது.

எங்கள் கால்நடை மருத்துவர்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. எல்லாத் தடுப்பூசியும் முடியும்வரை குட்டியை வெளியே எடுக்காதீர்கள் என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். ஆனால் குட்டி உலகத்தோடு பழகும் காலம் ஏறத்தாழ 3 முதல் 14 வாரத்துக்குள் முடிந்துவிடுகிறது. முதல் தடுப்பூசி போட்டு 7 நாள் கழிந்தால், சுத்தமான, பாதுகாப்பான இடங்களில் பழக்கத் தொடங்கலாம் என்று விலங்கு நடத்தைக்கான அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கம் 2008இலேயே சொல்லிவிட்டது. உங்கள் குட்டிக்கு அந்தக் காலம் போய்விட்டது. இனிப் பழக்க முடியும், ஆனால் மெதுவாகத்தான் முடியும்.

சரி, வீட்டில் செய்ய வேண்டியது. அழைப்பு மணி அடிக்கும் முன்பே குட்டி வேறு அறையிலோ தடுப்புக்குப் பின்னாலோ இருக்கட்டும். வந்தவர் உட்கார்ந்த பிறகு, கயிற்றில் பிடித்து, அது ஆளைப் பார்த்தும் உறுமாமல் இருக்கும் தூரத்தில் நிறுத்துங்கள். பார்க்கும் ஒவ்வொரு முறையும் அதற்கு உயிரான தின்பண்டம் ஒரு துண்டு. ஆள் தெரிந்தால் தின்பண்டம் வரும், ஆள் மறைந்தால் நின்றுவிடும், அவ்வளவுதான் கணக்கு. உறுமினால் திட்டாமல் தூரத்தைக் கூட்டுங்கள். வந்தவர் அதன் கண்ணைப் பார்க்க வேண்டாம், கையை நீட்ட வேண்டாம். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம் போதும். முழுதாகப் பழக மாதக்கணக்கில் ஆகும். 'கையை மோந்து பார்க்கவிடுங்கள், சரியாகிவிடும்' என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

ஆனால் இதைத் தொடங்கும் முன் ஒரு விஷயத்தைப் பார்த்துவிட வேண்டும், இதில் அவசரப்படாதீர்கள். வலி இருந்தாலும் குட்டி இப்படியே உறுமும். பெரிய இனக் குட்டிகளுக்கு 5 முதல் 18 மாதத்துக்குள் கால்களின் நீண்ட எலும்புகளில் அழற்சி வருவதுண்டு. இன்று முன்னங்கால், இரண்டு வாரம் கழித்துப் பின்னங்கால் என்று நொண்டல் இடம் மாறும், பல நேரம் கண்ணிலேயே படாது. இடுப்பு மூட்டும் முழங்கை மூட்டும் சரியாக அமையாத கோளாறு ராட்வைலருக்கு அதிகம். அப்படி வலிக்கிற குட்டிக்கு, வரும் ஒவ்வொரு ஆளும் தன்மேல் படக்கூடிய ஆள்தான். அதனால் கவனியுங்கள்: படுத்திருக்கும்போது நீங்கள் நெருங்கினாலும் உறுமுகிறதா? படிக்கட்டில் தயங்குகிறதா? எழுந்ததும் இரண்டு நிமிடம் விறைத்து நடக்கிறதா? விளையாட்டைப் பாதியில் விடுகிறதா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் முதலில் எலும்பையும் மூட்டையும் தொட்டுப் பார்த்து, தேவைப்பட்டால் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். 'வளர்கிற வயசு, அப்படித்தான்' என்று தொடாமலே அனுப்பினால் வேறு மருத்துவரிடம் போங்கள். காதையும் பார்க்கச் சொல்லுங்கள், காது வலியிலும் இதே உறுமல் வரும்.

கருத்தடை செய்தால் அடங்கிவிடும் என்றும் சொல்வார்கள். பயம் அதனால் போகாது. ராட்வைலர் ஆணுக்கு ஒரு வயதுக்கு முன்னால் செய்தால் மூட்டுக் கோளாறு வரும் வாய்ப்பும் கூடுகிறது.

மகள் விஷயம். அவளுடைய தோழிகள் வரும்போது குட்டி அந்த அறையில் இருக்கவே வேண்டாம், இன்னும் கடிக்கவில்லையே என்று துணியாதீர்கள். காற்றோட்டமான கூடை மாதிரி வாய்மூடி ஒன்றை இப்போதே பழக்கிவையுங்கள். உள்ளே தின்பண்டம் வைத்துத் தானாக மூக்கை நுழைக்கவிட்டால் பெரும்பாலும் இரண்டு, மூன்று வாரத்தில் பழகிவிடும். மூட்டைப் பரிசோதிக்கப் போகும் அன்றைக்கே அது தேவைப்படலாம்.