பிரேக் எந்தக் காலுக்கு?

கேள்வி: ஐயா, காய்கறித் தோட்டத்துக்கு ஒரு சின்ன ஹைட்ரோஸ்டாட்டிக் (எண்ணெய் அழுத்தத்தால் சக்கரத்தை ஓட்டும்) டிராக்டர் பார்க்கிறோம். ஒன்றில் பிரேக் இடது காலில், இன்னொன்றில் ஓட்டும் பெடலுக்குப் பக்கத்திலேயே வலதில். மேடும் சரிவுமான நிலம், லோடரோடு (முன்னால் மாட்டும் அள்ளு வாளி) குறுகலான கொட்டகைக்குள் நுழையணும். எதை வாங்கலாம்?
– வாசகர், டோங்காட், குவாசூலு-நட்டால்

பதில்: தம்பி, உங்கள் சரிவுக்கு இடது கால் பிரேக்தான். ஹைட்ரோஸ்டாட்டிக்கில் பெடலை விட்டாலே எண்ணெய் அழுத்தம் வண்டியை இழுத்துப் பிடிக்கும், அதனால் சமதரையில் பிரேக்கைத் தொடவே தோன்றாது. ஆனால் நிறைந்த லோடரோடு சரிவில் நின்று முன்னுக்கும் பின்னுக்கும் மாற்றும்போது வண்டி மெல்ல நழுவும், வலது கால் ஓட்டும் பெடலில் இருக்க இடது கால் பிடித்துக்கொண்டால் அந்த நழுவல் இல்லை. இரண்டும் வலதில் என்றால் கால் தாவுகிற அந்த நொடியில்தான் சுவரில் இடிக்கும். பிரேக்கை அழுத்தியபடியே ஓட்டாதீர்கள், தேய்ந்துவிடும்.

கொட்டகைக்குள் லோ கியர் போடுங்கள். எஞ்சின் வேகத்தை ரொம்பக் குறைத்தால் லோடர் சோம்பும், ஆகவே வேகத்தைக் காலால் மட்டும் அளந்து விடுங்கள்.

வலதில் இரட்டை பிரேக் (இடது, வலது பின் சக்கரத்துக்குத் தனித்தனி பெடல்) உள்ள மாடலில் ஒரு சக்கரத்தை மட்டும் பிடித்துச் சட்டென்று திரும்பலாம், உண்மைதான், ஆனால் டிஃப் லாக் (இரண்டு சக்கரத்தையும் ஒரே வேகத்தில் சுழலவைக்கும் பூட்டு) விலகியிருக்கணும், ரோட்டுக்கு வந்தால் இரண்டு பெடலையும் கட்டாயம் பூட்டிவிடணும். அப்புறம், எஞ்சினை அணைத்தால் பார்க்கிங் பிரேக் போடாமல் இறங்கவே கூடாது.

கடையில் தோட்டத்துப் பூட்ஸோடு ஏறி உட்கார்ந்து இரண்டையும் மிதித்துப் பாருங்கள்.