கடைத்தெரு மேம்பாட்டு வட்டாரம்: திருகோணமலையில் அரசுப் பணம் கிடைக்குமா?

லண்டனில் உங்கள் மைத்துனர் பார்த்ததுபோல, கடைகள் சேர்ந்து கட்டணம் கட்டித் தங்கள் தெருவைச் சீராக்கும் வட்டாரம் ஒன்றுக்கு உங்கள் வியாபாரிகள் சங்கம் பணம் கேட்டதாகவும், உள்ளூராட்சி சபை கடிதத்தைத் திருப்பிவிட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். அந்தப் பெயரில் கேட்டால் கிடைக்காது. அப்படி வட்டாரம் அமைக்க இலங்கையில் தனிச் சட்டம் இல்லை. இங்கிலாந்தில் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி கடைகள் வாக்களிக்கும். எண்ணிக்கையிலும் வரிமதிப்பிலும் பெரும்பான்மை வந்தால், எதிர்த்தவர் உட்பட எல்லோரும் அதிகபட்சம் 5 வருடம் கட்டணம் கட்ட வேண்டும். பிறகு மறுபடி வாக்கெடுப்பு. இங்கே சங்கம் வாங்குவது வெறும் சந்தா.

சபை உங்கள் கடிதத்தைத் திருப்பியதற்குக் காரணம், எனக்குப் படுவது, நீங்கள் அலுவலக வாடகையும் ஊழியர் சம்பளமும் கேட்டதுதான். அதைக் கொடுத்தால் அவர்களுக்குக் கணக்காய்வில் தலையிடி. ஆனால் வடிகால் மூடியும் தெருவிளக்கும் சபையின் சொந்த வேலை, அவற்றைக் கேட்டுப் புதுக் கடிதம் எழுதுங்கள்.

ஒன்று செய்து பாருங்கள். மணிக்கூட்டுக் கோபுரத்தடியிலிருந்து உங்கள் கடைவரை நடந்து, உடைந்த மூடி ஒவ்வொன்றையும் கடை இலக்கத்தோடு படமெடுங்கள். பலகை போட்டு மூடியிருப்பதையும் விடாதீர்கள். அப்புறம், உறுப்பினர் கடைகளில் சோலைவரி (கட்டடத்துக்குச் சபை வாங்கும் வரி) நிலுவை உண்டா என்று கேளுங்கள். இருந்தால் சபையில் முதல் பேச்சு அதுவாகத்தான் இருக்கும். நிதியாண்டு ஜனவரியில் தொடங்குவதால், மாரிக்கு முன்பே கடிதம் போய்ச் சேர வேண்டும்.

சரி, ஒரு எச்சரிக்கை: சங்கம் பதிவாகவில்லை என்றால் காசு கைக்கு வரும் என்று நம்ப வேண்டாம், வேலையைச் சபையே செய்யட்டும். விளக்கு வந்தபின் சந்தா கட்டாதவர் வாசலிலும் வெளிச்சம் விழும். சண்டை அங்கேதான் தொடங்கும், இப்போதே பேசி வையுங்கள்.