லைட் அணைஞ்சப்புறம் ரூமுக்குள்ள என்ன நடக்குது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மாடி ரூம்ல நாலு ரேக் போட்டு எல்இடி லைட்ல லெட்யூஸ், அதாங்க சாலட் கீரை, வளக்கறேங்க. லைட் எரியறப்ப மீட்டர்ல 25 டிகிரி, ஈரப்பதம் 65 சதவீதம்னு காட்டும், செடியும் நல்லாத்தான் இருக்கும். ராத்திரி லைட் அணைஞ்சு விடியக்காலம் போய்ப் பாத்தா 90க்கு மேல நிக்குது, இலையெல்லாம் நனைஞ்சு கெடக்குது, அடி இலைல சாம்பல் நிறத்துல பூஞ்சை வர ஆரம்பிச்சிருச்சு. ராத்திரி நான் ஒரு சொட்டு தண்ணி தெளிக்கறதில்லைங்க, அப்ப இந்த ஈரம் எங்கிருந்து வருது?
– வாசகி, கோவை

பதில்: புதுசா எங்கிருந்தும் வரலைங்க, பெரும்பாலும் சாயங்காலம் காத்துல இருந்த அதே தண்ணிதான். சதவீதத்தைப் பாத்து தண்ணி கூடிருச்சுன்னு நினைக்கறோம், ஆனா அந்த சதவீதம் சொல்றது காத்து எவ்ளோ தாங்குமோ அதுல எத்தனை பங்கு நிறைஞ்சிருக்குங்கறத மட்டும்தான். 25 டிகிரில ஒரு கன மீட்டர் காத்து அதிகபட்சம் 23 கிராம் தண்ணி தாங்கும், உங்க 65 சதவீதம்னா அதுல 15 கிராம் இருக்கு. லைட் அணைஞ்சு ரூம் 20 டிகிரிக்கு இறங்கினா காத்தால 17 கிராம்தான் தாங்க முடியும், உள்ள இருக்கறது அதே 15, மீட்டர் 87ன்னு காட்டும். 18க்குப் போச்சுன்னா கிட்டத்தட்ட நிறைஞ்சு போச்சு, அதுக்கு மேல காத்தால பிடிச்சு வைக்க முடியாம ஜில்லுனு இருக்கற இலை மேலயும் சுவத்து மேலயும் தண்ணியா இறங்கிரும். இது போக ட்ரேல இருக்கற தண்ணியும் செடியும் ராவெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா ஆவி விட்டுட்டேதான் இருக்கும்.

அதனால முதல்ல பாக்க வேண்டியது சூடு எவ்ளோ வேகமா இறங்குதுங்கறது. நான் என் ரூம்ல ஒருநாள் ராத்திரி உக்காந்து அரை மணிக்கு ஒருதரம் மீட்டரைப் பாத்து நோட்டுல எழுதினேன், லைட் அணைஞ்ச முதல் ஒண்ணரை மணி நேரத்துலயே ஈரப்பதம் ஏற வேண்டியதுல பாதிக்கு மேல ஏறிருச்சு, அப்புறம் விடிய விடிய மெதுவாத்தான் ஏறுச்சு. அதுக்கப்புறம் நாலு ரேக்கையும் ஒரே டைமர்ல அணைக்கறத விட்டுட்டு அரை மணிக்கு ஒரு ரேக்கா அணைக்க ஆரம்பிச்சேன், நீங்களும் அப்படியே பண்ணுங்க. லெட்யூஸ் ராத்திரி 16, 18 டிகிரிய சந்தோஷமா தாங்கும், குளிர்னால அதுக்கு கஷ்டம் இல்ல, இலை மேல தண்ணி நிக்கறதுதான் கஷ்டம். பகலுக்கும் ராவுக்கும் நாலஞ்சு டிகிரிக்கு மேல வித்தியாசம் இல்லாம பாத்துக்கோங்க.

அடுத்தது ஃபேன். நிறைய பேர் ஃபேனையும் லைட் டைமர்லயே மாட்டி வெச்சிருக்காங்க, லைட் அணையும்போது ஃபேனும் நின்னுரும், உங்களுதும் அப்படியான்னு தயவுசெஞ்சு இன்னைக்கே போய்ப் பாருங்க. காத்து அசையாத இடத்துல இலையை ஒட்டி ஒரு ஈரப்படலம் நிக்கும், சாம்பல் பூஞ்சைக்கு அதுதான் வீடு. இலை லேசா நடுங்கற அளவுக்கு ராவெல்லாம் காத்து ஓடணும், அதுக்கு மேல வேண்டாம்.

எக்ஸாஸ்ட் ஃபேன் போடலாமான்னா, அது உள் காத்தை வெளிய தள்ளத் தள்ள வெளிக் காத்துதான் உள்ள வரும், அதனால வெளிய இருக்கற காத்தைப் பொறுத்தது. வெளிய 20 டிகிரி, 80 சதவீதம்னு இருந்தா அதுல 14 கிராம்தான் இருக்கு, உங்க ரூமை விட காஞ்ச காத்து, தாராளமா உள்ள விடுங்க. மழை பேஞ்சுட்டு 24 டிகிரி, 90 சதவீதம்னு நின்னா அதுல 19 கிராமுக்கு மேல இருக்கு, அன்னைக்கு எக்ஸாஸ்ட் போட்டா நீங்களே ஈரத்தை இழுத்து உள்ள விடற மாதிரி ஆயிரும்.

இன்னொண்ணு, காலைல லைட் வர்றதுக்கு முன்னாடி டார்ச் அடிச்சு இலையை கிட்டத்துல பாருங்க. இலை ஓரத்துல மட்டும், பல்லு பல்லா இருக்கற நுனில முத்து முத்தா வரிசையா தண்ணி நின்னா அது செடி வேர்ல இருந்து ஏத்தி வெளிய தள்ளுன தண்ணி, பயப்பட வேண்டாம், லெட்யூஸோட உள் குருத்துக்கு கால்சியம் போறதே அந்த ராத்திரி வேர் அழுத்தத்துலதான். அதனால ராத்திரி 50 சதவீதத்துக்கு காய வெச்சிரலாம்னு போகாதீங்க, குருத்து நுனி கருகும். அதுவே இலை முழுக்க பனி விழுந்த மாதிரி படர்ந்திருந்தா அது காத்துல இருந்து இறங்குனது, அதைத்தான் நிறுத்தணும். பூஞ்சை வந்த இலையை ஒரு கவரை அடியில பிடிச்சு அதுக்குள்ளயே கிள்ளிப் போடுங்க, உதறினா பொடி பறந்து அடுத்த செடிக்குப் போயிரும்.

கேள்வி: எங்க வீட்ல ஒரு பெட்ரூம்ல மைக்ரோகிரீன்ஸ், அதான் குட்டியா இருக்கறப்பவே அறுக்கற கீரை நாத்து, போடறேன் சார், ஏசி ராத்திரி முழுக்க 22ல ஓடுது, கரண்ட் பில் எகிறுது, இருந்தும் விடியறப்ப 85 சதவீதம் காட்டுது. வேர்கிட்ட வெள்ளையா பஞ்சு மாதிரி வேற இருக்கு, ட்ரேவை தூக்கிப் போட்ரலாமா?
– வாசகர், சென்னை

பதில்: தூக்கிப் போடாதீங்க தம்பி, முதல்ல லேசா தண்ணி ஸ்ப்ரே பண்ணிப் பாருங்க, வெள்ளை படிஞ்சு காணாம போச்சுன்னா அது வேர்த்தூவி, வேர்ல வர்ற மெல்லிசு முடி, நல்ல விஷயம். தண்ணி பட்டும் சிலந்தி வலை மாதிரி விதைக்கு விதை தாவிட்டு நின்னா, நாத்தமும் அடிச்சா, அது பூஞ்சை.

ஏசி விஷயம் என்னன்னா, அது ஈரத்தை எடுக்கறது கம்ப்ரஸர் ஓடறப்ப மட்டும்தான். லைட் அணைஞ்சதும் ரூம்ல சூடு இல்ல, சீக்கிரமே 22ஐ தொட்டுட்டு கம்ப்ரஸர் நின்னுரும், ஆனா ட்ரே ஆவி விடறத நிறுத்தாது, ஏசிக்குள்ள இருக்கற ஃபேன் ஓடிட்டே இருந்தா ஏசியோட குளிர்ந்த குழாய்ல (காயில்) ஒட்டியிருந்த தண்ணியும் திரும்ப ரூமுக்கே வந்துரும். அதனால இன்னும் குறைச்சு 20ல வைக்கலாம்னு போனா காத்து இன்னும் நிறைஞ்சுக்கும், சிக்கல் கூடும். ராத்திரிக்கு 24 வெச்சு சின்னதா ஒரு டிஹியூமிடிஃபையர், அதாவது காத்துல இருக்கற ஈரத்தை இழுக்கற மெஷின், ஓட்டுங்க, அது ஒரு லிட்டர் தண்ணி பிடிச்சா சுமார் 0.7 யூனிட் கரண்ட்டுக்குச் சமமான சூட்டை ரூமுக்குள்ள விடும், அது தின்ன கரண்ட்டும் சூடாத்தான் வெளிய வரும், பகல்ல தொல்லையா இருக்கற அந்த சூடு லைட் அணைஞ்ச ரூமுக்கு சரியா உதவும்.

செலவே இல்லாத வழி ஒண்ணு இருக்கு, நான் இதைத்தான் முதல்ல பண்ணச் சொல்லுவேன், லைட்டை ராத்திரில எரிய விட்டு பகல்ல அணைச்சு வைங்க. செடிக்கு நம்ம கடிகாரம் தெரியாது, 14, 16 மணி நேரம் வெளிச்சம் கிடைச்சா போதும். மத்தியானத்துல இருட்டு வந்தா வெளி வெயில்ல ரூம் குளிராது, ஏசியும் நிக்காம ஓடி ஈரத்தை எடுத்துரும், ராத்திரி லைட் சூட்டுல காத்து தானா காஞ்சு நிக்கும். தண்ணியும் லைட் வந்ததும் ஊத்துங்க, அணையப் போற நேரத்துல ஊத்தவே ஊத்தாதீங்க.

கேள்வி: ரெண்டு ஈரப்பத மீட்டர் வாங்கி பக்கத்துல பக்கத்துல வெச்சேன், ஒண்ணு 70ங்குது, ஒண்ணு 81ங்குது. எதை நம்பறது?
– வாசகர், திருச்சி

பதில்: உப்பை நம்புங்க. ஒரு பாட்டில் மூடில சமையல் உப்பைப் போட்டு சேறு மாதிரி நனையற அளவுக்கு மட்டும் சொட்டு சொட்டா தண்ணி விடுங்க, உப்பு கரைஞ்சு ஓடிரக்கூடாது. மூடியையும் ரெண்டு மீட்டரையும் ஒரே ஜிப் கவர்ல போட்டு காத்து போகாம மூடி ஒரு ராத்திரி விட்ருங்க. உள்ள 75 சதவீதம் இருக்கும், அது உப்போட குணம், மாறாது. எந்த மீட்டர் எவ்ளோ தள்ளிக் காட்டுதோ அதை ஒரு ஸ்டிக்கர்ல எழுதி முதுகுல ஒட்டிக்கோங்க. மாட்டறப்ப சுவத்துலயோ லைட் பக்கத்துலயோ மாட்டாம செடி உச்சி உயரத்துல நிழல்ல மாட்டுங்க, செடி வாழற காத்து அதுதான்.

கேள்வி: ஈரம் கூடுதுன்னு எல்லாரும் புலம்பறாங்க, எனக்கு சிப்பிக்காளான் கொட்டகைல ராத்திரி ஈரம் பத்த மாட்டேங்குது. என்ன பண்ண?
– வாசகர், மதுரை

பதில்: உங்களுக்கு 23லருந்து 25 டிகிரியும் 80, 85 சதவீதமும் வேணும், செடிக்காரங்களுக்கு அப்படியே எதிர். தரைல ஆத்து மணலைப் பரப்பி நனைச்சு, சுவத்துல சாக்கு கட்டி சாயங்காலமும் படுக்கப் போறதுக்கு முன்னாடியும் அதை மட்டும் நனைங்க, மொட்டு மேல நேரா பீச்சினா மஞ்சளாகி அழுகிரும். ஈரம் போயிரும்னு ஜன்னலை எல்லாம் அடைச்சிராதீங்க. காலைல பாக்கறப்ப காம்பு நீளமா குடை சின்னதா இருந்துச்சுன்னா காளான் மூச்சு விட்ட காத்து உள்ளயே நின்னுருச்சுன்னு அர்த்தம், அன்னைக்கே மேல ஒரு ஜன்னலையும் கீழ ஒரு ஓட்டையையும் திறந்து விட்டுட்டு சாக்கை இன்னொரு தடவை கூடுதலா நனைச்சுக்கோங்க.