உள்ளம் சொல்வதும் பயம் சொல்வதும்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பல வருடங்களாகப் பார்த்துவரும் வேலையை விட்டுவிட்டு, மனதுக்குப் பிடித்த வேறொரு படிப்பில் சேரலாமா என்று யோசிக்கிறேன். தினமும் காலையில் கண்ணை மூடி உட்கார்ந்து உள்ளத்தைக் கேட்கிறேன். ஒரு நாள் ‘விட்டுவிடு’ என்கிறது. மறுநாளே ‘வேண்டாம், இரு’ என்கிறது. விட்டால் நன்றாக இருப்பேனா, பிறகு வருந்துவேனா என்று தெரிய வேண்டும். இதில் எது உள்ளத்தின் குரல், எது வெறும் பயம்? (வயது 36, பெயர் வேண்டாம்)

பதில்: தம்பி, உங்கள் கேள்வியிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. ‘விடலாமா’ என்று கேட்டு உட்காருகிறீர்கள். ஆனால் நீங்கள் எதிர்பார்க்கும் பதில் ‘விட்டால் நன்றாக இருப்பேனா’ என்பதற்கு. அது ஜோசியம் கேட்பது. நாளைக்கு என்ன நடக்கும் என்று உள்ளத்துக்குத் தெரியாது. இன்று நீங்கள் எங்கே நிற்கிறீர்கள், எது உங்களை இழுக்கிறது, எதைப் பார்க்காமல் முகம் திருப்புகிறீர்கள் என்பதுதான் அதற்குத் தெரியும். எதிர்காலத்தைக் கேட்டால் அது பேசாமல் இருந்துவிடும். அந்த இடத்தில் பயமும் ஆசையும் புகுந்து மாறி மாறிப் பேசும். உங்களுக்குக் காலையில் கேட்பது அந்த இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியார் முதலில் ஒரு போர்வீரர். 1521-இல் ஸ்பெயினின் பாம்ப்லோனா நகரில் நடந்த சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டு அவர் கால் நொறுங்கியது. சொந்தக் கோட்டையில் பல மாதங்கள் படுத்த படுக்கை. வீரசாகசக் கதைகள் படிக்கக் கேட்டார், அந்த வீட்டில் அப்படி ஒன்றும் இல்லை. கிடைத்தவை கிறிஸ்துவின் வரலாறும் புனிதர்களின் வரலாறுகளும். படித்த நேரம் போக மிச்ச நேரமெல்லாம் கற்பனை. சில நேரம், பெரிய இடத்துப் பெண்ணொருத்தியின் மனம் கவரத் தான் செய்யப்போகும் வீரச்செயல்களைப் பற்றி மணிக்கணக்கில் நினைப்பார். சில நேரம், அந்தப் புனிதர்களைப் போல எல்லாவற்றையும் விட்டு வெறுங்காலோடு நடப்பதாக நினைப்பார். நினைக்கும் நேரத்தில் இரண்டுமே இனித்தன. முதல் கற்பனை கலைந்ததும் மனம் வறண்டு கிடந்தது. இரண்டாவது கலைந்த பிறகும் நிறைவு அப்படியே தங்கியது. நெடுநாள் இதைக் கவனிக்காமலே இருந்தவர், ஒரு நாள் கவனித்துவிட்டார். அவர் பிற்காலத்தில் கற்றுக்கொடுத்த ‘தேர்ந்து தெளிதல்’ முழுவதும் இந்தச் சின்னக் கவனிப்பிலிருந்து வளர்ந்தது.

நீங்களும் அதையே செய்து பாருங்கள். மூன்று நாள், வேலையை விடுவதாக முடிவெடுத்துவிட்டவர் போலவே இருங்கள். யாரிடமும் சொல்ல வேண்டாம், கடிதம் எதுவும் கொடுக்க வேண்டாம். அந்த முடிவோடு எழுந்து, அந்த முடிவோடு வேலைக்குப் போய், அந்த முடிவோடு தூங்குங்கள். அப்புறம் மூன்று நாள், விடப்போவதில்லை என்ற முடிவோடு. நினைக்கும் கணத்தில் வரும் கிளர்ச்சியை எழுதி வைக்காதீர்கள். அது அடங்கிய பிறகு, சாயங்காலம், மனம் எந்த நிலையில் இருக்கிறது என்பதை ஒரே ஒரு வரியில் எழுதுங்கள். ‘எரிச்சல்’, ‘லேசு’, ‘பயம்தான், ஆனால் நிமிர்ந்து நிற்கிறேன்’ இப்படி. கடைசியில் சொன்னது வந்தால் நன்றாகக் கவனியுங்கள். பயம் இருப்பதாலேயே அந்த வழி தவறு என்று ஆகாது. பயத்தோடு கூடவே உங்களுக்குள் ஏதோ நிமிர்கிறதா, அல்லது எல்லாம் சேர்ந்து சுருங்குகிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது.

இன்னொன்றும் இஞ்ஞாசியார் சொன்னதுதான்: மனம் வறண்டு கிடக்கும் நாளில், முன்பு தெளிவாக எடுத்த முடிவை மாற்றாதீர்கள். மேலதிகாரியிடம் திட்டு வாங்கிய இரவில் ‘விட்டுவிடு’ என்று கேட்டால், அது வலி பேசுகிறது. ஒன்றும் செய்யாமல் தூங்கப் போங்கள்.

கேள்வி: எல்லோரும் ‘உள்குரல்’ என்கிறார்கள். நான் எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் எனக்கு எதுவும் கேட்கவில்லை. அப்படியே வெறுமையாக இருக்கிறது. எனக்கு அந்தத் தகுதி இல்லையா?

பதில்: குரல் என்று சொல்லிச் சொல்லியே பலரை ஏங்க வைத்துவிட்டோம். பெரும்பாலோருக்கு அது குரலாக வருவதே இல்லை. நெஞ்சிலோ வயிற்றிலோ தொண்டையிலோ, இன்னதென்று சொல்ல முடியாத ஒரு உணர்வாக வருகிறது.

அமெரிக்காவில் யூஜின் ஜென்ட்லின் என்ற தத்துவ அறிஞர், உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸோடு சிகாகோ பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தவர். மனநல ஆலோசனையில் சிலருக்குக் குணம் தெரிகிறது, சிலருக்குத் தெரிவதில்லை, ஏன் என்று அறிய ஆலோசனைப் பேச்சுகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தார்கள். குணமடைந்தவர்கள் பேசிய விதமே வேறாக இருந்தது. கோவையாகப் பேசாமல் தடுமாறினார்கள். ‘கோபம்... இல்லை, கோபம் இல்லை... ஒரு மாதிரி... விட்டுப்போன மாதிரி...’ என்று உள்ளே இருக்கும் உணர்வுக்கு ஏற்ற சொல்லைத் தேடினார்கள். சரியான சொல் கிடைத்ததும் ஒரு பெருமூச்சு வரும், தோள் இறங்கும். ஜென்ட்லின் இதை யாரும் பழகக்கூடிய முறையாக்கி 1978-இல் புத்தகமாக எழுதினார்.

ஆகவே, வெறுமை என்று நீங்கள் எழுதியதையே எடுத்துக்கொள்வோம். அது எங்கே இருக்கிறது? நெஞ்சிலா, வயிற்றிலா? கனமான வெறுமையா, லேசான வெறுமையா? அதன் பக்கத்தில் உட்காருங்கள். ஒரு சொல்லை அதனிடம் வைத்துப் பாருங்கள், ‘தனிமை’ என்று. ஒட்டவில்லையா, எடுத்துவிடுங்கள். ‘காத்திருப்பு’? ‘சலிப்பு’? ஒரு சொல் பொருந்தும்போது உடம்பே ‘ஆமாம்’ என்று தளரும். அதைத்தான் உள்குரல் என்கிறார்கள்.

பேசாமல் இருப்பதையும் பதிலாக எடுத்துக்கொள்ளலாம். சாக்ரடீஸுக்குச் சிறு வயதிலிருந்து ஓர் உள்ளெச்சரிக்கை இருந்தது. அது எப்போதும் தடுக்க மட்டுமே செய்தது, ‘இதைச் செய்’ என்று ஒருமுறைகூடத் தூண்டியதில்லை என்று தன் வழக்கு விசாரணையில் அவர் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. அன்று காலை வீட்டிலிருந்து கிளம்பும்போதும், மன்றத்தில் பேசும்போதும் அது தடுக்கவில்லை. தான் சரியான இடத்தில்தான் நிற்கிறேன் என்று அதிலிருந்து புரிந்துகொண்டார்.

கேள்வி: ‘இதயத்தில் கவனத்தை வை, வழி தெரியும்’ என்கிறார்கள். நான் அறிவியல் படித்தவன். இதயம் ரத்தத்தை இறைக்கும் தசை. அதற்கு என்ன தெரியும்?

பதில்: ஈசிஜி எடுக்கும் வேலையில் என் வாழ்நாளின் பெரும்பகுதி கழிந்தது. அதனால் உங்கள் கேள்வி எனக்கு நெருக்கமானது. நீங்கள் சொல்வது சரி, இதயம் யோசிப்பதில்லை. ஆனால் அந்தக் காகிதத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு வேறொன்று தெரியும். மூச்சை இழுக்கும்போது துடிப்புக் கோடுகள் நெருங்கி வரும், விடும்போது விலகும். இளவயதுக்காரர்களின் காகிதத்தில் இது கண்ணுக்கே நன்றாகத் தெரியும். நோய் என்று பயந்துவிடுவார்கள். அது ஆரோக்கியம். மூச்சை நிமிடத்துக்கு ஆறு அளவில் மெதுவாக்கினால், பெரும்பாலோருக்கு இந்த ஏற்ற இறக்கம் இன்னும் பெரிதாகும். இப்படித் துடிப்பைத் தளர்த்தும் வேகஸ் நரம்பில், மூளையிலிருந்து கீழே வரும் இழைகளைவிட உடம்பிலிருந்து மேலே செய்தி கொண்டுபோகும் இழைகள்தான் மிக அதிகம், ஏறத்தாழ 80 சதவீதம். அதாவது மூளை நாள் முழுவதும் இதயத்தையும் குடலையும் நுரையீரலையும் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறது. நாம்தான் கேட்பதில்லை.

எவ்வளவு கேட்பதில்லை என்பதை ஒரு எளிய சோதனை காட்டும். நாடியைத் தொடாமல், குறிப்பிட்ட நேரத்துக்குள் தன் இதயம் எத்தனை முறை துடித்தது என்று எண்ணச் சொல்வது. ஜெர்மன் ஆய்வாளர் ரைனர் ஷாண்ட்ரி 1981-இல் வெளியிட்ட முறை இது, இன்றும் பயன்படுகிறது. பலரும் உண்மையைவிடக் குறைவாகவே எண்ணுகிறார்கள்.

கவனத்தை இதயத்துக்குக் கொண்டுபோவதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்: எண்ணம் ஒன்று வரும்போது உடம்பில் என்ன நடக்கிறது என்பதை உடனே தெரிந்துகொள்ளும் இடத்தில் போய் இருப்பது. கையை நெஞ்சில் வையுங்கள், வெளிமூச்சைக் கொஞ்சம் நீளமாக விடுங்கள், பிறகு கேள்வியைக் கேளுங்கள். ரமண மகரிஷி சொன்ன ‘ஹிருதயம்’ இந்தத் தசை அல்ல, நெஞ்சின் வலப்பக்கத்தைக் காட்டி ‘நான்’ என்ற நினைப்பு எழும் இடம் என்றார். அதை ஈசிஜி காகிதத்தில் தேட வேண்டாம்.

நெஞ்சில் வலி, அழுத்தம், மூச்சுத் திணறல் இருந்தால் தியானத்தில் உட்காராதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: வீட்டில் ஐந்து நிமிடம்கூட அமைதி கிடைப்பதில்லை. கைக்குழந்தை இருக்கிறது. எப்படிப் பழகுவது?

பதில்: குழந்தை தோளில் தூங்கும்போது உங்கள் மூச்சையும் அதன் மூச்சையும் கேளுங்கள் அம்மா. இப்போதைக்கு அது போதும். தனி அறை, தனி நேரம் எல்லாம் பிறகு வரும்.

கேள்வி: என் கணவர் ‘உள்ளிருந்து உத்தரவு வந்தது’ என்று சொல்லித்தான் எல்லா முடிவும் எடுக்கிறார். சேமிப்பு முழுவதையும் ஒரு தொழிலில் போடப்போகிறார். கேட்டால், ‘உனக்கு நம்பிக்கை இல்லை’ என்கிறார்.

பதில்: உங்கள் கவலை நியாயமானது. உண்மையான உள்தெளிவு கேள்விக்குப் பயப்படாது.

குவேக்கர்கள் என்னும் கிறிஸ்தவப் பிரிவினரின் வழிபாடே மௌனமாகச் சேர்ந்து உட்காருவதுதான். உள்ஒளி என்பதை அவர்களைப் போல நம்பியவர்கள் குறைவு. அப்படிப்பட்டவர்களே, பெரிய முடிவு என்றால் சில பேரைக் கூட்டி உட்கார வைத்துக்கொள்ளும் வழக்கத்தை வைத்திருக்கிறார்கள். வந்தவர்கள் அறிவுரை சொல்லக்கூடாது, நேர்மையான கேள்விகள் மட்டும் கேட்க வேண்டும். நடுநடுவே மௌனம். காந்தி 1933 மே 8-ஆம் தேதி தொடங்கிய 21 நாள் உண்ணாவிரதத்துக்கு உள்குரலே காரணம் என்றார். அது மனமயக்கமாக இருக்கலாமே என்று நண்பர்கள் கேட்டபோது வாயை அடைக்கவில்லை, பத்திரிகையில் பதில் எழுதினார். அந்த உத்தரவின் சுமை முழுவதும் அவர் உடம்பின் மேல்தான் விழுந்தது. உங்கள் வீட்டில் சுமை உங்கள் மேலும் விழுகிறது. எனவே கேட்கும் உரிமை உங்களுக்கு முழுதாக உண்டு.

பண விஷயத்துக்கு இன்னொன்று. உள்ளுணர்வை எளிதில் நம்பாத உளவியலாளர் டேனியல் கானமனும், தீயணைப்புப் படைத் தலைவர்களின் உள்ளுணர்வை வியந்து ஆராய்ந்த உளவியலாளர் கேரி க்ளைனும் சேர்ந்து 2009-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். இருவரும் ஒத்துப்போன இடம் இது: ஒழுங்கு உள்ள ஒரு துறையில், தன் கணிப்பு சரியா தவறா என்று உடனுக்குடன் தெரிந்து நெடுங்காலம் பழகியவரின் உள்ளுணர்வை நம்பலாம். உங்கள் கணவருக்கு அந்தத் தொழிலில் அந்தப் பழக்கம் உண்டா? இல்லையென்றால், அந்தத் தொழிலை ஆரம்பிக்க வேண்டும் என்ற இழுப்பு உண்மையாகவே இருக்கலாம். ஆனால் எவ்வளவு பணம், எந்த மாதம் என்பதைக் கணக்குதான் சொல்ல வேண்டும். சண்டை போடாமல் இதை மட்டும் கேளுங்கள்: ‘பாதிப் பணத்தில் ஆரம்பித்தால் உங்கள் உள்ளம் என்ன சொல்கிறது?’ அவர் கோபப்படாமல் யோசித்தால் நல்லது.

அவர் காதில் நிஜமாகவே குரல் கேட்பதாகவோ, யாருக்காவது தீங்கு செய்யச் சொல்வதாகவோ சொன்னால் அது வேறு விஷயம். மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: கண்ணை மூடி அமைதியாக உட்கார்ந்தாலே பழைய சம்பவம் ஒன்று நினைவுக்கு வந்து நடுக்கம் எடுக்கிறது. தூக்கமும் இல்லை. தொடர்ந்து உட்கார்ந்தால் சரியாகுமா?

பதில்: இப்போது உட்கார வேண்டாம் அம்மா. கண்ணைத் திறந்து வைத்து, நடந்துகொண்டே, பாதம் தரையில் படுவதை மட்டும் கவனியுங்கள். எதிரே தெரியும் பொருள்களின் பெயரை வாய்விட்டுச் சொன்னாலும் சரி. நடுக்கத்தை அடக்கித் தொடர்ந்து உட்காருவது தைரியம் அல்ல, உடம்பு ‘போதும்’ என்று தெளிவாகச் சொல்வதைத் தட்டிக்கழிப்பது. நீங்கள் தேடும் வழிகாட்டல் அந்த ‘போதும்’ என்பதிலேயே இருக்கிறது. பழைய சம்பவத்தை, அதற்கென்றே பயிற்சி பெற்ற ஒரு ஆலோசகரின் துணையோடு பாருங்கள். தூக்கமின்மையைப் பற்றி இந்த வாரமே மருத்துவரிடம் சொல்லுங்கள்.