வாசகர் கேள்விகள்: பிஎஸ்டி குடும்பம், நிரலாளர் பார்வையில்

லினக்ஸில் உபுண்டு, ஃபெடோரா என்று இருப்பது போலத்தானே ஃப்ரீபிஎஸ்டி, ஓப்பன்பிஎஸ்டி, நெட்பிஎஸ்டி எல்லாம்? ஒன்றில் கம்பைல் செய்தது மற்றதில் ஓடுமா?

ஓடாது. உபுண்டுவும் ஃபெடோராவும் ஒரே கெர்னலை (இயங்குதளத்தின் மையக்கரு) எடுத்துத் தங்கள் விதத்தில் தொகுத்துத் தருபவை. பெர்க்லி பல்கலைக்கழக யூனிக்ஸின் வழிவந்த பிஎஸ்டிகள் ஒவ்வொன்றும் தனித்தனி இயங்குதளம். கெர்னல், சி நூலகம், ஷெல், அடிப்படைக் கருவிகள் அனைத்தையும் அந்தந்தக் குழுவே ஒரே மூலநிரல் தொகுப்பில் வைத்துப் பராமரிக்கிறது. 386பிஎஸ்டி என்ற முன்னோடித் தளத்திலிருந்து 1993இல் நெட்பிஎஸ்டியும் ஃப்ரீபிஎஸ்டியும் கிளைத்தன. 1995இல் நெட்பிஎஸ்டியிலிருந்து ஓப்பன்பிஎஸ்டி பிரிந்தது. 2003இல் ஃப்ரீபிஎஸ்டி 4இலிருந்து டிராகன்ஃப்ளை பிஎஸ்டி.

ஆகவே, தளத்துக்கு ஒரு பைனரி (கம்பைல் செய்து கிடைக்கும் இயங்கு கோப்பு) கட்டியே தீர வேண்டும். ஃப்ரீபிஎஸ்டியில் ஒரே முதன்மைப் பதிப்புக்குள் பைனரி தொடர்ந்து ஓடும் என்று நம்பலாம். ஓப்பன்பிஎஸ்டி அந்த உறுதியைத் தருவதில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு வெளியீடு, கடைசி இரண்டுக்கு மட்டுமே திருத்தங்கள். பைனரியாக மட்டும் மென்பொருள் விநியோகிப்பவர்கள் இதை முதலிலேயே கணக்கில் எடுக்க வேண்டும்.

லினக்ஸில் சுத்தமாகக் கட்டமைந்த என் சி நிரல், பிஎஸ்டிகளில் முதல் படியிலேயே நின்றுவிடுகிறது. எங்கே பார்ப்பது?

பெரும்பாலும் குற்றம் சி நிரலில் இருக்காது. அதைக் கட்டும் ஸ்கிரிப்டுகளில்தான் இருக்கும்.

முதலில் பேஷ் ஷெல். அடிப்படை நிறுவலில் அது இல்லை. நிறுவினாலும் /பின் அடைவில் வராது. ஃப்ரீபிஎஸ்டியிலும் ஓப்பன்பிஎஸ்டியிலும் /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின், நெட்பிஎஸ்டியில் /யூஎஸ்ஆர்/பிகேஜி/பின். ஸ்கிரிப்டின் முதல் வரியில் நேர்ப் பாதை எழுதாமல் 'என்வ்' வழியாக அழையுங்கள். அதைவிட நல்லது, சாதாரண 'எஸ்ஹெச்' ஷெல்லிலேயே எழுதிவிடுவது.

அடுத்தது நிரலைக் கட்டும் கருவியான மேக். இங்கே 'மேக்' என்றால் பிஎஸ்டி மேக். க்னூ மேக்கின் 'இஃப்இக்யூ' போன்ற நிபந்தனை வரிகள் அதற்குப் புரியாது. 'ஜிமேக்' தொகுப்பை நிறுவி அதைக் கொண்டு கட்டுங்கள்.

பலரைச் சுற்றவிடும் இன்னொன்று, கோப்பின் உரையைத் திருத்தும் 'செட்' கருவி. ஃப்ரீபிஎஸ்டியிலும் டிராகன்ஃப்ளையிலும் '-ஐ' தேர்வுக்குப் பின் வருவதைக் காப்பு நகலின் பின்னொட்டாக அது எடுத்துக்கொள்ளும். '-ஐ -இ' என்று எழுதினால் பிழை எதுவும் வராது. கோப்பின் பெயரோடு '-இ' ஒட்டிய நகல் ஒன்று அடைவில் கிடக்கும். தற்காலிகக் கோப்பில் எழுதி 'எம்வி' செய்வதே எல்லாத் தளத்துக்கும் பொருந்தும் வழி.

ஹெடர் கிடைக்கவில்லை என்றால், தொகுப்புகளின் ஹெடர் அடைவைக் கம்பைலர் தானாகத் தேடாது என்பதே காரணம். ஹெடர் பாதை, நூலகப் பாதை இரண்டையும் நீங்களே கொடுங்கள். நெட்பிஎஸ்டியில் அதுவும் போதாது. நிரல் கட்டமைந்துவிடும், ஓடத் தொடங்கும்போது பகிர்நூலகம் இல்லை என்று நிற்கும். லிங்கருக்கு '-ஆர்' (பெரிய எழுத்து) தேர்வில் /யூஎஸ்ஆர்/பிகேஜி/லிப் என்று சேர்க்க வேண்டும்.

ஓப்பன்பிஎஸ்டியில், கட்டமைப்பு ஸ்கிரிப்டை உருவாக்கும் ஆட்டோகான்ஃப் ஓடாமல் அடம்பிடித்தால், எந்தப் பதிப்பு வேண்டும் என்பதை 'ஆட்டோகான்ஃப்_வெர்ஷன்' சூழல் மாறியில் சொல்லுங்கள். அங்கே பல பதிப்புகள் அருகருகே நிறுவப்படும். ஆட்டோமேக்குக்கும் இதே கதைதான்.

கட்டி முடித்துவிட்டேன். ஜிட் கம்பைலர் (ஓடும்போதே இயந்திர நிரலாக மாற்றுவது) கொண்ட பகுதி மட்டும் ஓடும்போது விழுகிறது.

ஒரே நினைவகப் பக்கத்தை எழுதவும் இயக்கவும் கேட்கிறீர்கள். ஓப்பன்பிஎஸ்டி, நினைவகம் கேட்கும் அந்த 'எம்மேப்' அழைப்பையே மறுக்கும். முதலில் எழுதும் அனுமதியோடு வாங்கி, எழுதி முடித்ததும் 'எம்ப்ரொடெக்ட்' மூலம் இயக்க அனுமதிக்கு மாற்றினால் ஒப்புக்கொள்ளும். நெட்பிஎஸ்டி சில செயலிக் கட்டமைப்புகளில் இன்னும் கறார்: எழுதப்படக்கூடியதாக இருந்த பக்கத்தைப் பிறகு இயக்கவும் விடாது. அங்கே 'பாக்ஸ்சிடிஎல்' கருவியால் அந்தப் பைனரிக்கு மட்டும் விலக்குக் கொடுக்கலாம். முழுத் தளத்துக்கும் தடையை நீக்காதீர்கள்.

நிரல் தான் இருக்கும் இடத்தை அறிய, ஓடும் நிரல்களின் விவரம் தரும் /ப்ராக் அடைவைப் படிக்கிறதா என்றும் பாருங்கள். ஃப்ரீபிஎஸ்டியில் அது இயல்பாக மவுன்ட் ஆகியிருக்காது. 'சிஸ்சிடிஎல்' வழியாகக் கேட்கலாம். ஓப்பன்பிஎஸ்டியில் நம்பகமான வழியே கிடையாது. நிறுவும் பாதையைக் கட்டமைக்கும்போதே பொதித்துவிடுங்கள்.

பிழை தேடுவதற்கு ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வதானால்?

ஓப்பன்பிஎஸ்டி. 'மல்லாக்_ஆப்ஷன்ஸ்' சூழல் மாறியில் பெரிய எழுத்து எஸ் கொடுத்து உங்கள் சோதனைகளை ஓட்டுங்கள். விடுவித்த நினைவகத்தைத் தொடுவது, இருமுறை விடுவிப்பது போன்றவை லினக்ஸில் பல மாதம் மறைந்திருந்தாலும் இங்கே பெரும்பாலும் சட்டென்று நிரலை வீழ்த்தும். இந்த ஒரு பயனுக்காகவே ஒரு மெய்நிகர் இயந்திரம் ஒதுக்கலாம். பெரிய நிரல் கம்பைல் ஆகும்போது நினைவகம் போதவில்லை என்று வந்தால், ராம் வாங்க ஓடாதீர்கள், 'லாகின்.கான்ஃப்' கோப்பில் உங்கள் வகுப்பின் 'டேட்டாசைஸ்' வரம்பை உயர்த்தி, வெளியேறி மீண்டும் நுழையுங்கள்.

வேகம் ஏன் குறைகிறது என்று தேடுவது வேறு வேலை. அதற்கு, ஓடும் நிரலைக் கண்காணிக்கும் டிட்ரேஸ் கருவி உள்ள ஃப்ரீபிஎஸ்டியே கைகொடுக்கும்.

டிராகன்ஃப்ளைக்குத் தனியாகச் சோதிக்க வேண்டுமா?

வேண்டும், ஆனால் சிறு வேலைதான். அது 64 பிட் எக்ஸ்86இல் மட்டுமே ஓடுகிறது. ஃப்ரீபிஎஸ்டிக்கான 'இஃப்டெஃப்' நிபந்தனைகள் அங்கே செல்லாது. அதன் முன்வரையறை மேக்ரோ வேறு. அந்த வரிகளைத் தேடி அதன் பெயரையும் சேர்த்தாலே பாதி வேலை முடிந்தது.